ஜாடி டாக்டரும் நூறு நாள் உப்புத் தண்ணீரும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் டவுன் பஸ்ஸில், பெண்கள் எழுந்து இடம் கொடுத்து உட்காரவைத்த ஒரே ஆண்பிள்ளை, நானறிந்து, ஜாடி டாக்டர் ஒருவர்தான். அதுவும் ஒருநாள் இரண்டுநாள் அல்ல. மின்வெட்டு என்று அறிவித்த நாளெல்லாம் அந்த மரியாதை நடந்தது. சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து ஒரு பீங்கான் ஜாடி. அதை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு படியேறுவார். வயிற்றில் ஏதோ பெரிய கட்டி, பாவம், யாருமில்லாத மனுஷன் என்று முன்சீட்டுப் பெண்கள் ஒதுங்கி உட்காருவார்கள். கண்டக்டர் முதல் நாள் லக்கேஜ் டிக்கெட் கேட்டிருக்கிறார். டாக்டர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அந்த கண்டக்டர் அவரிடம் எதுவுமே கேட்டதில்லை.

எண்பதுகளின் கடைசியில் நடந்த கதை இது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தேன். காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் வந்து தட்டிப் பழகும். நடுப்பகல் முழுவதும் வக்கீல் குமாஸ்தாக்கள் கொண்டுவரும் பிராதும், சத்தியம் செய்து கொடுக்கும் அஃபிடவிட்டும் நானே அடிப்பேன். ஊரில் பாதிப் பேருடைய வரப்புத் தகராறு எனக்கு மனப்பாடம். டீச்சரம்மாவுக்கு இன்னும் கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலும் ஊருக்கு மனப்பாடம்.

அப்படி ஒரு மத்தியானம், காதில் பென்சில் சொருகிய ஒல்லியான மனிதர் ஒருவர் வாசலில் நின்றார். முப்பத்திநாலு வயது இருக்கும். ராஜபாளையத்திலிருந்து வருகிறேன், வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு இங்கிலீஷில் கடிதம் அடிக்க வேண்டும் என்றார். ராஜபாளையத்தில் மெஷினே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் அங்கே அடிப்பவர் மில் கணக்கே அடித்து அடித்துப் பழகி, தன் கடிதத்தையும் கட்டம் போட்டு அடித்துவிட்டார் என்றார். சிரிக்காமல் சொன்னார். அதனால் எனக்குச் சிரிப்பு வந்தது.

மனிதர் மெட்ராஸில் ஒரு பெரிய கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஊசி போடாத டாக்டர். எள்ளளவு சிலிக்கான் துண்டில் ஒரு கருவி செய்திருந்தார். மைக்ரோ சென்சார் என்று பெயர். அதை மனித உடம்புக்குள் வைத்துத் தைத்துவிட்டால், உள்ளே ரத்த அழுத்தம் எவ்வளவு என்று வெளியே உள்ள மீட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். இந்த வேலையை மேற்கொண்டு செய்ய வேண்டுமானால் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் இடம் கிடைக்க வேண்டும். அதற்குப் போஸ்ட் டாக்டரல் என்று பெயர்.

இதை மகாராஜபுரத்தில் விவசாயம் பார்க்கும் தன் அப்பாவிடம் இவர் சொல்லியிருக்கிறார். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாராம்: "ஏலே, டாக்டருக்குப் படிச்சு முடிச்சாச்சுன்னு சொன்ன. அதுக்குப் பொறவும் படிக்கணும்னா, இம்புட்டு நாளும் என்னத்தத்தாம்லே படிச்ச?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வரை வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலை வேண்டுமே. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி ஆலை ஒன்றில் சோதனைப் பிரிவில் சேர்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஞ்சைத் தண்ணீரில் போட்டு, அது எத்தனை வினாடியில் முங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுவதுதான் வேலை. நாட்டிலேயே அதிகம் படித்த மனிதர் பஞ்சு முங்குவதை வேடிக்கை பார்த்த வட்டாரம் எங்கள் வட்டாரமாகத்தான் இருக்கும்.

கடிதங்கள் அடித்தேன். முப்பத்தெட்டு பேராசிரியர்கள், முப்பத்தெட்டு கடிதங்கள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் கை கோர்ட்டுக் கை. அவர் கிறுக்கிக் கொடுத்த குறிப்பை நான் என் பழக்கத்துக்கு ஒழுங்குபடுத்திவிட்டேன். "கனம் பொருந்திய பேராசிரியர் அவர்கள் சமூகத்துக்கு மனுதாரர் பணிவுடன் சமர்ப்பிப்பது" என்று ஆரம்பித்து, உண்மைகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, கடைசியில் "ஆகவே மனுதாரருக்கு மேற்படி ஆய்வு இடத்தை அளித்து நீதி வழங்குமாறு பிரார்த்திக்கிறேன்" என்று இங்கிலீஷில் முடித்திருந்தேன். டாக்டர் கையெழுத்துப் போடுமுன் படித்தார். படித்துவிட்டு, கம்பீரமாக இருக்கிறது என்றார். அவர் அதுவரை கோர்ட்டுப் படி ஏறியவரல்ல.

முப்பத்தேழு பேர் பதிலே போடவில்லை. மனநிலை சரியில்லாதவர் என்று நினைத்திருக்கலாம். ஒருவர் போட்டார். பனி பெய்யும் ஒரு வடக்கத்தி தேசத்தில் இருந்தவர். நீதி வழங்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று முதல் வரியில் வருத்தம் தெரிவித்திருந்தார். ஆனால் உங்கள் கருவிக்குப் பூசியிருக்கும் பூச்சு எனக்கு ஆர்வமாக இருக்கிறது, உடம்புக்குள் இருப்பது உப்புத் தண்ணீர், அதில் எந்தக் கருவியும் சீக்கிரம் செத்துவிடுகிறது, உங்களுடையது உடம்புச் சூட்டில் நூறு நாள் உப்புத் தண்ணீரில் தாக்குப்பிடிக்கிறதா என்று தினமும் குறித்து அனுப்புங்கள், பிழைத்தால் இடம் உண்டு என்று எழுதியிருந்தார். ஒரு நிபந்தனையும் இருந்தது. டாக்டர் பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் இடத்தை ஒப்புக்கொண்டு எழுதியாக வேண்டும். நம்மவருக்கு அந்த ஜூன் மாதத்தோடு ஐந்து வருடம் முடிகிறது. கடிதம் வந்தபோது ஜனவரி. நூறு நாளை ஒருமுறை எண்ணலாம். இன்னொருமுறை எண்ண நேரம் கிடையாது.

மெட்ராஸிலிருந்து அவர் கொண்டுவந்த கருவிகள் மொத்தம் ஐந்து. ஃபிலிம் ரோல் டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். பொங்கல் முடிந்த மறுநாள் வேலையை ஆரம்பித்தார். ராஜபாளையத்தில் அவர் மாடி அறையில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி ரங்கம்மா. தெலுங்கு பேசும் குடும்பம், ஐம்பது வயது, கட்டளையிட்டே பழகிய குரல், டாக்டரைத் தெலுங்கு வழக்கப்படி பாபு என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் இரண்டு லிட்டர் ஊறுகாய் ஜாடி ஒன்றை இரவல் வாங்கினார் டாக்டர். உப்புத் தண்ணீர் ஊற்றி, மெல்லிய கம்பிகளில் ஐந்து கருவிகளையும் தொங்கவிட்டு, வாயைத் துணியால் கட்டினார். ஜாடியை வைக்கோல் நிரப்பிய மாம்பழப் பெட்டிக்குள் இறக்கி, சூட்டுக்கு ஒரு நாற்பது வாட் பல்பு. பழைய இஸ்திரிப் பெட்டியிலிருந்து கழற்றிய ஒரு சாமான், சூடு ஏறினால் பல்பை அணைத்துவிடும். காலை ஏழு மணிக்கு, துணியை அவிழ்க்காமலே, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனிகளை மீட்டரில் மாட்டி நோட்டில் எழுதுவார்.

எல்லாம் சரி, கரண்டு வேண்டுமே. எங்கள் பக்கத்து மில்களுக்கே அந்த வருடம் ஒழுங்காகக் கரண்டு கிடையாது. மாம்பழப் பெட்டிக்கு யார் கொடுப்பார்கள்? டாக்டர் யோசித்தார். ஜாடிக்கு வேண்டியது உடம்புச் சூடு. உடம்பு தன்னிடமே ஒன்று இருக்கிறது. அப்படித்தான் ஜாடி சட்டைக்குள் போனது. மின்வெட்டு நாளில் சாப்பிடுவது, ஷேவ் செய்வது, பஸ் ஏறுவது எல்லாம் ஜாடியோடுதான். ஆலையில் பஞ்சு முங்குவதை ஜாடியை அணைத்துக்கொண்டே பார்த்திருக்கிறார். என் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்திருக்கும்போது நான் டைப் அடிக்கும் அதிர்வு ஜாடிக்கு ஆகாது என்று நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் தெருவுக்கே போய்விடுவார். அங்கிருந்து சத்தம் போட்டு வாசகம் சொல்லுவார். கோர்ட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் கூடி நின்று கேட்பார்கள்.

வாரம் ஒருமுறை அந்த நோட்டை நான் சுத்தமாக டைப் அடிப்பேன். அறுபதாம் நாள் வரை ஐந்தும் உயிரோடு இருந்தன. மனிதர் அதற்குள் நாலு கிலோ இளைத்துவிட்டார். முகத்தில் மட்டும் வெளிச்சம். எழுபத்தோராம் நாள் நாலாம் நம்பர் பேச்சை நிறுத்தியது. மற்ற நாலும் லேசாகத் துள்ளிவிட்டு மறுபடி ஒழுங்காகின. டாக்டர் இடிந்துபோனார். பூச்சு தோற்றுவிட்டது, ஒன்று போனால் மற்றதும் வரிசையாகப் போகும் என்றார். அந்த வாரம் டைப் அடிக்க ஒரு வரி கொண்டுவந்தார்: நாலாம் நம்பர், மரணம், காரணம் தெரியவில்லை. எத்தனையோ மரணத்தை அடித்த விரல்தான். அதை அடிக்கும்போது ஒரு மாதிரியாகிவிட்டது.

காரணம் எழுபத்தொன்பதாம் நாள் தெரிந்தது. அது ஞாயிற்றுக்கிழமை. ரங்கம்மா அவரைக் கீழே சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். தயிர்ச் சோறும் மாவடுவும். மாவடு அருமையாக இருக்கிறது என்று டாக்டர் பாராட்டியிருக்கிறார். இந்த வருசம் சீக்கிரமே ஊறிவிட்டது பாபு, உம்ம பெட்டிச் சூடு நல்ல ராசி என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தபோது, டாக்டர் பல்லில் எள்ளளவு ஏதோ ஒன்று கடிபட்டது. எடுத்துப் பார்த்தார். நாலாம் நம்பர்.

தயிர்க் கையோடு மாடிக்கு ஓடினார். துணியை அவிழ்த்தால் ஜாடி நிறைய மாவடு. கடுகுப்பொடி, வத்தல்பொடி, மேலே விளக்கெண்ணெய் மிதக்கிறது. எட்டு நாளாக மின்வெட்டு இல்லாததால் ஜாடியைப் பெட்டியிலிருந்து எடுக்கும் வேலையே வரவில்லை, ஊறுகாய் வாசமும் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. பின்னாலேயே ஏறிவந்த ரங்கம்மா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஏனென்றால் டாக்டர் அதை என்னிடம் நாலு தடவை சொன்னார்:

"ரெண்டு மாசமா உப்புத் தண்ணியை மட்டும் கரைச்சு வச்சுக்கிட்டு தினம் எட்டி எட்டிப் பாக்கீரு. மாங்காதான் அம்புடல போலன்னு நெனச்சு, பெருக்க வந்த அன்னிக்கு நானே போட்டுவிட்டேன் பாபு."

கம்பிகள் துருப்பிடிக்குமே என்று அவற்றைத் தூக்கித் துடைத்து, மாவடுவைப் போட்டுவிட்டு, திரும்பவும் மரியாதையாக உள்ளே தொங்கவிட்டிருக்கிறார். துடைத்ததில் நாலாம் நம்பர் மட்டும் கழன்றுவிட்டது.

மறுநாள் காலை டாக்டர் ஜாடியோடு வந்து இறங்கினார். பஸ் முழுக்க ஊறுகாய் வாசம். முன்சீட்டுப் பெண்கள் அன்றைக்கு இடம் கொடுக்கவில்லை, என்ன வைத்திருக்கிறீர் என்று கேட்டிருக்கிறார்கள். நான் அவர் அழுதுகொண்டு வருவார் என்று பார்த்தால், மனிதர் சந்தோஷத்தில் இருந்தார். பூச்சு தோற்கவில்லையாம். நாலாம் நம்பர் சாகவில்லையாம், கொலையாம். மற்ற நாலும் புளிப்பிலும் காரத்திலும் எண்ணெயிலும் எட்டு நாளாக ஒன்றும் ஆகாமல் இருக்கின்றனவாம்.

எனக்குச் சட்டென்று யோசனை வந்தது. மாங்காயை அள்ளிக் கொட்டிவிட்டு, ஜாடியைக் கழுவி, புது உப்புத் தண்ணீர் ஊற்றி மீதி நாளை ஓட்டுங்கள் என்றேன். பனி தேசத்திலிருந்து யார் வந்து மோந்து பார்க்கப்போகிறார்கள் என்றேன். இன்னும் மூன்று வாரம். நோட்டில் மாங்காய் என்ற வார்த்தையே வேண்டாம்.

அவர் ஜாடியை மேஜையில் வைத்தார். நான் பார்த்து, அதை அவர் கீழே வைத்தது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், இதை நாளைக்கு ஒருத்தர் நெஞ்சுக்குள்ள வச்சுத் தைப்பாங்க. அவரால திறந்து பாக்க முடியாது. நான் எழுதுனதை நம்பித்தான் படுத்திருப்பாரு. மாங்கா விழுந்ததை மறைச்சேன்னா, பொறவு நான் எழுதுன எதை அவரு நம்புறது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியானால் மாங்காய் விழுந்தது என்றே எழுதுங்கள், அந்த ஆள் சிரித்துவிட்டுக் குப்பையில் போடட்டும், ஜூன் முடியட்டும், ஆயுசுக்கும் பஞ்சு முங்குவதையே பார்த்துக்கொண்டிருங்கள் என்று கத்தினேன். பிள்ளைகள் தட்டுவதை நிறுத்திவிட்டன. டாக்டர் ஜாடியின் வாய்த்துணியை இறுக்கிக் கட்டினார். பிறகு, "அதுவும் ஒருத்தர் புண்ணுல வைக்கிற பஞ்சுதான டீச்சர்" என்று சொல்லிவிட்டு, ஜாடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மனுஷனைப் போல எரிச்சலூட்டுகிறவரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. 

அன்று சாயங்காலம் ஒரு வரப்புத் தகராறுக்கு அஃபிடவிட் அடித்துக்கொண்டிருந்தேன். ஆடு மேய்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன் என்று ஒரு ஆள் சத்தியம் செய்கிறான். பாதியில் கை நின்றது. எங்கள் ஊரில் ஒரு காரியம் எவ்வளவு கோணலாக நடந்திருந்தாலும், நடத்திய ஆளே முத்திரை வைத்துச் சொல்லிவிட்டால் அது சாட்சியம். மறைக்க முடியாது என்கிறார் அல்லவா? அப்படியானால் ஒளிவு மறைவில்லாமல், முறைப்படி, கோர்ட்டுக் கணக்கில் சொல்லிவிடுவோம்.

மாவடு ஜாடியிலேயே இருந்தது. நூறாம் நாள் நாலு கருவியும் உயிரோடு நின்றன. நான் ரங்கம்மாவை பஸ் ஏற்றி வரவழைத்தேன். வரவே பயந்தார். போலீஸ் வருமா, கூண்டில் ஏற்றுவார்களா என்று கேட்டார். உங்கள் கைப்பக்குவத்தைப் பற்றி வெளிநாட்டுக்கு எழுதப்போகிறோம் என்றதும் பட்டுச்சேலையில் வந்து இறங்கினார்.

"மேற்படி ஜாடியில் தவறுதலாக மாங்காய் போட்டுவிட்டேன்" என்று அடித்திருந்தேன். தமிழில் அர்த்தம் சொன்னதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"தவறுதலா எங்க போட்டேன் டீச்சரம்மா? முப்பது வருசமா இந்தக் கையாலதான் போடுதேன். ஒண்ணு அழுகியிருக்குமா? நல்லாத்தான் போட்டேன்னு எழுது."

சரி என்று கிழித்துவிட்டு மறுபடி அடித்தேன். நல்லாத்தான் போட்டேன் என்றால் எப்படிப் போட்டீர்கள் என்று சொல்ல வேண்டும் அல்லவா? சொன்னார். மாவடு அறுபத்திரண்டு. கல்லுப்பு ஒரு கைப்பிடி. கடுகுப்பொடி எத்தனை கரண்டி, வத்தல் எந்த ரகம், விளக்கெண்ணெய் எத்தனை சொட்டு, கம்பியை எந்தத் துணியால் துடைத்தார், அந்தத் துணி துவைத்ததுதான் என்பது வரை பதினேழு பத்தி. டாக்டர் ஒரு மூலையில் கரண்டிகளைக் கிராமாக மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். நோட்டரி வக்கீல் ஒரு பெரியவர். படித்துவிட்டு எதிர்மனுதாரர் யார் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். எந்தக் கோர்ட் என்றார். கடலுக்கு அந்தப்பக்கம் என்றேன். இன்னொரு தடவை நிதானமாகப் படித்தார். எங்கள் வீட்டில் நல்லெண்ணெய்தான் ஊற்றுவார்கள் என்று ரங்கம்மாவிடம் ஆரம்பித்து, கால் மணி நேரம் வாதாடி, தோற்று, சிவப்பு முத்திரை வைத்துக் கொடுத்தார். நூறு நாள் குறிப்போடு அந்த அஃபிடவிட்டும் ஏர்மெயிலில் போனது.

மே மாதம் முழுக்க டாக்டர் இன்ஸ்டிடியூட்டுக்கு வேலையே இல்லாமல் வந்தார். நானும் போகச் சொல்லவில்லை. ஜாடி இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. தபால்காரர் சந்தில் திரும்பினால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

ஜூன் முதல் வாரத்தில் வந்தது. என் கையில்தான் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். பேராசிரியர் எழுதியிருந்தார்: தன் ஆய்வுக்கூடத்திலும் ஜாடிகளில் என்னென்னவோ விழுந்திருக்கின்றன, காப்பி உட்பட, யாரும் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை, சத்தியப் பிரமாணமும் செய்ததில்லை. வெறும் உப்புத் தண்ணீரை விடக் கடுமையான கலவையில் பூச்சு தாங்கியிருக்கிறது, அந்தக் கலவையில் என்னென்ன எவ்வளவு என்று அந்த அம்மையார் கொடுத்திருக்கும் துல்லியமான கணக்கைத் தன் மாணவர்களுக்குப் படித்துக் காட்டியதாகவும் எழுதியிருந்தார். இரண்டு வருடத்துக்கு இடம். ஒப்புதல் கடிதம் உடனே வர வேண்டும், தாமதமானால் ஐந்து வருடக் கணக்குத் தாண்டிவிடும், பிறகு தன்னாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று முடித்திருந்தார்.

டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ரங்கம்மாவுக்குச் சொல்ல வேண்டும், அப்பாவுக்குச் சொல்ல வேண்டும் என்றவர், எழுந்திருக்கவில்லை. ஒப்புதலை நான் அடித்தேன். கனம் பொருந்திய என்று ஆரம்பிக்கவில்லை. ஆறே வரி. கையெழுத்துப் போட்டார். தபால்தலையை நான் ஒட்டினேன். அவருக்கு இரண்டு மணி ஷிப்ட், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"நீங்களே பெட்டியில போட்டுருதீகளா டீச்சர்?" என்றார்.

"ரெண்டு வருசம்தான?" என்றேன்.

"ரெண்டே வருசம்" என்றார்.

அவர் பஸ் போன பிறகு கடிதத்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டுச் சுவரோரம் இருந்த தபால் பெட்டிக்கு நடந்தேன். நல்ல வெயில். பெட்டியின் வாயில் கவரைப் பாதி நுழைத்துவிட்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. கடிதம் போட வந்த ஒரு குமாஸ்தா, என்ன டீச்சர், மாட்டிக்கிச்சா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுக் கவரிலிருந்து கையை எடுத்தேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

போட்டதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. இரண்டு வருடம் என்று போனவர் அங்கேயே தங்கிவிட்டார், நன்றாக இருக்கிறார், இன்னும் ஏதாவது ஒரு ஜாடியைக் கட்டிக்கொண்டுதான் நடப்பார். எல்லாம் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தத் தபால் பெட்டியை மட்டும் எனக்கு அன்றிலிருந்து பிடிக்காது. கடிதம் போட வேண்டுமென்றால் இரண்டு தெரு சுற்றி வேறு பெட்டிக்குப் போகிறேன்.